உள்ளே நனையாத துணி

வாப்பாவின் மையித்தைக் குளிப்பாட்டப் பின்வளவில் தண்ணீர் தயாராகிவிட்டது. ஜவாஹிர் இன்னும் கட்டிலடியில் குனிந்து அவருடைய காலைத் தேடிக்கொண்டிருந்தான்.

அது அவனே செய்த பொய்க்கால். சீனி வியாதியில் வாப்பா மஹ்ரூப் ஹாஜியாரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தபோது, “ஊருக்கெல்லாம் தண்ணித் தாங்கி செய்யிறாய், எனக்கொரு கால் செய்ய ஏலாதா?” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தே கேலி செய்தார் மனுஷன். கட்டுகஸ்தோட்டையில் ஜவாஹிருக்குத் தண்ணீர்த் தொட்டிகள் வார்க்கும் பைபர் பட்டறை. பொய்க்கால் செய்கிறவர்களிடம் போய்ப் பழகி வந்து செய்து கொடுத்தான். ஐவேளைத் தொழுகைக்கும் அந்தக் காலோடுதான் அவர் பள்ளிக்கு நடந்தார். “மகன் செய்த கால்” என்று வழியில் கண்டவர்களிடமெல்லாம் சாரத்தை உயர்த்திக் காட்டவும் செய்தார்.

முந்தாநாள் சுபஹுத் தொழுகைக்குப் போகையில் பள்ளிப் படியில் விழுந்தார். தலையில் அடி. புத்தளத்துக்குத் தாங்கி இறக்கப் போயிருந்த ஜவாஹிர் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்து சேர்ந்தான். கால் வழுக்கியதா, உடைந்ததா? ஒருவரும் வாய் திறக்கவில்லை. இன்று விடியும்போது வாப்பா மௌத்தாகிவிட்டார். வந்தவர்களெல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். அவனுக்கோ அந்தக் காலைப் பார்த்தாக வேண்டும்.

“றலியா, வாப்பாட கால் எங்க?”

தங்கை முக்காட்டுத் துணியால் முகத்தைத் துடைத்தாள். “ஆஸ்பத்திரியில உட்டுட்டம் நானா. இப்ப அதையா தேடுற? சாச்சா பாத்துட்டு ஈக்கிறார், போங்க.”

பொய் சொல்லும்போது றலியா சின்ன வயதிலிருந்தே ஆளைப் பார்க்கமாட்டாள்.

“ஜவாஹிர், வாப்பாட அலுமாரியில கற்பூரம் ஈக்கி. எடுத்துட்டு வா மகன்,” என்று பின்வளவிலிருந்து வாப்பாவின் தம்பி ஹாஷிம் சாச்சா குரல் கொடுத்தார்.

“நான் எடுத்துத் தாறன்!” றலியா பாய்ந்து வந்தாள். அதற்குள் அவன் அலுமாரியைத் திறந்துவிட்டான்.

சாரங்களுக்குப் பின்னால், துவாயில் சுற்றியபடி இருந்தது கால். முழங்காலடி பொருந்தும் கிண்ணம் குழாயோடு சேருமிடத்தில் பிளந்திருந்தது. வெளிப்புறம் இன்னும் பளபளவென்றிருந்தது. பிளவுக்குள்ளே வெள்ளை. விரலால் இழுத்தான், கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்தது போலவே துணி நூல்நூலாகக் கழன்று வந்தது.

பைபர் துணிகளை அடுக்கி, பையால் மூடி, பம்பால் காற்றை இழுத்தால் ரெசின் பசை அடுக்குகளுக்குள் ஓடி நனைத்து இறுகும். நெருக்கமாக நெய்த துணி பலம் தரும், ரெசினுக்கு வழி விடாது. அதனால்தான் நெருக்கத் துணிகளுக்கு நடுவே, ரெசின் ஓட வழியாக, மெட் எனும் ஐதான விரிப்பு ஒன்றை வைப்பார்கள். பட்டறையில் யார் இதில் பிழை விட்டாலும் ஜவாஹிர் கத்துவான். வாப்பாவின் கால் என்று வந்ததும் அவனுக்கே பயம் வந்துவிட்டது. பாரமான மனுஷன், தாங்க வேண்டுமே என்று கடைசி நேரத்தில் மெட்டை உருவிவிட்டு நெருக்கத் துணியை மேலும் மேலும் அடுக்கினான். ரெசின் மேலாலேயே சுற்றி ஓடியிருக்கிறது, உள்துணி நனையவே இல்லை.

“வாப்பாதான் செல்லினார்.” றலியா கதவோடு ஒண்டிக்கொண்டு அழுதாள். “வார்டில கண் முழிச்ச நேரம். நானாட்ட காட்டாத, எங்கயாவது ஒளிச்சிடு எண்டு.”

அவன் காலைப் பழையபடி சுற்றி, சாரங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கற்பூரத்தை எடுத்துக்கொண்டு போனான்.

குளிப்பாட்டும்போது, வலது முழங்காலுக்கு வந்ததும் திரும்பத் திரும்ப அங்கேயே தண்ணீர் ஊற்றினான். சாச்சா குவளையை வாங்கப் பார்த்தார். அவன் கொடுக்கவில்லை.

கூடத்தில் பாயின்மேல் மையித்தைச் சுற்றும் கபன் துணிகள் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக விரித்திருந்தன. ஹாஷிம் சாச்சா மிச்சத் துணியைக் கையில் எடுத்தார்.

“நானாட பாரமான உடம்பு. தூக்கக்குள்ள தாங்கணுமே. இன்னொண்டும் போடுவமா?”

“வேணாம் சாச்சா!” நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது குரல். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “மூண்டு போதும்.”

சாச்சா துணியை மடித்து வைத்துவிட்டுப் பன்னீர் தெளித்தார். ஜவாஹிர் முழந்தாளிட்டு, பட்டறையில் செய்வதைப் போலவே, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிவிட்டான். பிறகு மேல்துணியின் மூலையைத் தூக்கினான். அடுத்ததையும் தூக்கினான். அடித்துணியில் விரலை வைத்துப் பார்த்தான்.

ஈரமாயிருந்தது.

“இப்ப வாப்பாவ கொண்டு வாங்க,” என்றான்.