சூப் கேட்டு வந்தவர்கள்

லாட்ஜில் அறை எடுக்கிறவர்கள் சாவியை வாங்கிய கையோடு கேட்கிற முதல் கேள்வி, "பக்கத்துல எங்கங்க சாப்பாடு நல்லா இருக்கும்?" என்பதுதான். ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த அவள் ஏழு மாதமாக ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தாள்.

"முனைக் கடைக்குப் போங்க. எலும்பு சூப் கேளுங்க. அதைக் குடிக்காம ஊருக்குத் திரும்பினா, வந்ததே வீண்."

அந்தக் கடை முதலாளிதான் அவள் கணவரை வேலையை விட்டுத் துரத்தியவர். துரத்தியதுகூடப் பரவாயில்லை. சாப்பிட வந்தவர்கள் பார்க்க, "உன் கைமணம் செத்துப்போச்சுய்யா. இந்தச் சூப்பை மனுஷன் குடிப்பானா?" என்று கத்தி அனுப்பினார். இருபது வருஷம் அந்த அடுப்படியில் வெந்த மனிதர் அதை அப்படியே நம்பிவிட்டார். அன்றிலிருந்து கரண்டியைத் தொடவில்லை. அவள் அவசர அவசரமாக ஆக்கி வைப்பதை, உப்பில்லை என்றுகூடச் சொல்லாமல் விழுங்கிவிட்டு எழுந்து போனார். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

"அந்தக் கடையையா புகழுற? உனக்கு ரோஷமே இல்லையாம்மா?" என்று லாட்ஜ் மேனேஜர் கேட்டார்.

ரோஷம் இருந்ததால்தான் புகழ்ந்தாள். திட்டினால் ஏதோ சொந்தப் பகை என்று ஜனங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். புகழ்ந்தால் நம்பிப் போவார்கள். அந்தச் சூப்போ அவள் கணவரோடு கடையை விட்டுப் போய்விட்டது. புதிதாக வந்தவன் வைப்பது வெறும் வெந்நீர். அவள் அனுப்பியவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, கடுப்போடு எதிர்க் கடைக்கு எழுந்து போனார்கள். தான் துரத்திய ஆளின் சூப்பை மேஜைக்கு மேஜை கேட்கும்போது முதலாளியின் மூஞ்சி எப்படிப் போகும்! நினைக்க நினைக்க அவளுக்கு இனித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலாளியே வீடு தேடி வந்தார்.

"மாஸ்டர், பழசை மனசுல வச்சுக்காதீங்க. நாளைக்கே வந்துடுங்க. தினம் இருபது பேர் உங்க சூப்பைக் கேக்குறாங்க. பதில் சொல்லி மாளல."

கணவர் நிமிர்ந்தார். "என் சூப்பையா?"

ஏழு மாதமாக அவள் பார்க்காத முகம் அது. அதோடு வாயை மூடியிருக்கலாம். ஆங்காரம் விடவில்லை.

"கடை நடுவுல நின்னுதானே கத்துனீங்க? மன்னிப்பையும் அங்கயே எல்லார் முன்னாடியும் கேளுங்க."

முதலாளிக்குச் சுருக்கென்றது. "மன்னிப்பா? மாஸ்டர், கேட்டவங்கள்ல ஒருத்தர்கூட உங்க சூப்பைக் குடிச்சவங்க இல்ல. எல்லாம் வெளியூர் ஆளுங்க. உங்க வீட்டம்மா லாட்ஜ்ல உக்காந்து சொல்லிச் சொல்லி அனுப்புறாங்க. எனக்குத் தெரியாதா?"

பாவி, ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டானே! கணவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அவரோ அவளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"குடிக்காமலே இருபது பேர் கேட்டாங்கன்னா, குடிச்சா எத்தனை பேர் வருவாங்க முதலாளி?"

"அதைத்தானே நானும் சொல்றேன். வந்துடுங்க மாஸ்டர்."

"உங்க கடைக்கு இல்ல." அவள் பக்கம் திரும்பினார். "கிளம்பு. எதிர்க் கடையில ஆள் வேணுமான்னு கேட்டுட்டு வரலாம். நாளையிலிருந்து வர்றவங்களுக்கு நீ அந்தக் கடையைச் சொல்லு."

அவள் எழுந்து முதலாளிக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.