பத்து கஜப் பொய்

ஊனா லெனிஹன் நாற்பத்தோரு வயது வரை அளவு விஷயத்தில் பொய் சொன்னதே இல்லை. வயதைக் கேட்டால்கூட மாதத்தையும் சேர்த்துச் சொல்வாள். அயர்லாந்தின் மேற்குக் கரையில் நில அளவையாளர் வேலை. வேலித் தகராறில் ஒருவரையொருவர் அடிக்கப் பாயும் இரண்டு விவசாயிகள்கூட, அவள் கருவியை ஊன்றிவிட்டால் வாயை மூடிக்கொண்டு அவள் எழுதப்போகும் எண்ணுக்காகக் காத்திருப்பார்கள். அப்படிப்பட்டவள் ஒரே கோடையில் ஐந்து நாடுகளில் கூசாமல் பொய் சொன்னாள் என்றால், அதற்குக் காரணம் அவளுடைய தம்பி ஃபின்டன்.

ஃபின்டனுக்கு வயது முப்பத்து நாலு. ஐரோப்பிய கோல்ஃப் சுற்றில் அது அவனுக்கு எட்டாவது வருடம். அடியில் குறையே சொல்ல முடியாது. தோள் திரும்புவதும் மட்டை இறங்குவதும் அவ்வளவு அழகு. கோளாறெல்லாம் தலைக்குள்தான். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் நம்பமாட்டான். குழிக்கு நூற்றைம்பது கஜம் என்றால் நூற்றறுபதாக இருக்குமோ என்று அவனுக்குத் தோன்றும். பத்து கஜம் கூடப் போகட்டும் என்று ஒரு மட்டை பெரிதாக எடுப்பான். பந்து குழியில் நட்டிருக்கும் கொடியைத் தாண்டி, அதைச் சுற்றியுள்ள பச்சைத் திட்டையும் தாண்டி, மக்கள் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கும் இடத்தில் போய் விழும். தூரங்கள் அச்சிட்ட சின்னப் புத்தகத்தை மற்ற ஆட்டக்காரர்கள் பின்பாக்கெட்டில் வைத்திருப்பார்கள். இவன் அதையும் வைத்துக்கொள்ளமாட்டான். "எண்ணைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்பான்.

மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து, தூரம் சொல்லி, காற்றைச் சொல்லி, திட்டும் வாங்கிக்கொள்கிறவரைக் கேடி என்பார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்கு உள்ள அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாலும் இந்தக் கதைக்குப் பழுதில்லை. ஃபின்டனின் கேடி ஒரு ஸ்காட்லாந்துக்காரர், பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவர். மார்ச் மாதம் கத்தாரில், பதினோராவது குழியில், "நிச்சயமாவா?" என்று ஃபின்டன் அன்றைக்கு முப்பதாவது தடவையாகக் கேட்டதும் பையைத் தரையில் வைத்தார். "நீயே முழம் போட்டுப் பாத்துக்கோப்பா" என்று சொல்லிவிட்டு விமான நிலையத்துக்குப் போய்விட்டார். போகும்போது பெரிய குடையையும் எடுத்துக்கொண்டு போனார்.

"ரெண்டே வாரம்க்கா" என்று ஃபின்டன் போனில் கெஞ்சினான். "புது ஆள் கிடைக்கிற வரைக்கும். நீ அளக்கிறவதானே?"

"நான் சாக்கடையை அளக்கிறவ."

"சாக்கடையும் நேராத்தானே போகுது?"

ஊனாவுக்கு மூன்று வருட விடுப்பு சேர்ந்து கிடந்தது. கிளம்பினாள்.

மே மாதத் தொடக்கம், முதல் வாரம் ஸ்பெயின். விடியற்காலையிலேயே எழுந்து, பதினெட்டு குழிகளையும் சக்கரக் கருவி உருட்டி நடந்து, புத்தகத்தில் இருந்த இரண்டு தப்புகளைத் திருத்தினாள். ஆட்டம் தொடங்கியது. "நூத்தி நாப்பத்தி ரெண்டு" என்றாள். "நிச்சயமாவா?" என்றான். தாண்டிப் போனது. "நூத்தி எழுபத்தி ஒண்ணு" என்றாள். வானத்தைப் பார்த்தான், புல்லைப் பிய்த்துப் பறக்கவிட்டான், அக்காவைச் சந்தேகமாகப் பார்த்தான். அதுவும் தாண்டிப் போனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பின்தங்கிய பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பும்போது இவர்களும் பெட்டியைக் கட்டினார்கள்.

"உன் எண்ணுல ஏதோ கோளாறுக்கா" என்றான் விமானத்தில்.

ஊனாவுக்குச் சுருக்கென்றது. இருபது வருடத்தில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நீதிபதிகூடச் சொன்னதில்லை. பக்கத்து இருக்கையில் அவன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியபோது அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். பையன் எப்போதும் பத்து கஜம் கூட்டுகிறான். நாம் பத்து கஜம் குறைத்துச் சொன்னால் என்ன?

பெல்ஜியத்தில் முதல் பொய்யைச் சொல்லும்போது காது மடல் வரை சிவந்துவிட்டது. உண்மையில் நூற்று அறுபத்திரண்டு. "நூத்தி அம்பத்தி ரெண்டு" என்றாள். ஃபின்டன் மூக்கைச் சுளித்தான், ஒரு மட்டை பெரிதாக எடுத்தான், அடித்தான். பந்து கொடியிலிருந்து நாலடி தள்ளி சமர்த்தாக உட்கார்ந்தது.

"பாத்தியா?" என்றான். "நான் மட்டும் சுதாரிக்கலேன்னா குட்டையா விழுந்திருக்கும்."

"ஆமாண்டா, நல்லவேளை நீ இருந்தே" என்றாள் ஊனா.

அந்த வாரம் பன்னிரண்டாவது இடம். நெதர்லாந்தில் ஒன்பதாவது. பருவம் முடியும்போது தரவரிசையில் முதல் நூற்றுப்பத்துப் பேருக்குத்தான் அடுத்த வருடமும் ஆடும் உரிமை. நூற்றெழுபதில் கிடந்தவன் மெல்ல மெல்ல மேலே ஏறினான். இரண்டு வாரத்துக்கென்று வந்த ஊனா ஆகஸ்டிலும் பையோடுதான் இருந்தாள். பொய் சொல்வது இவ்வளவு குஷியான காரியம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. குளித்துக்கொண்டே பாட ஆரம்பித்திருந்தாள்.

அக்காவின் பெயரும் பரவியது. சர்வே பண்ணுகிற பொம்பளையாம், புத்தகத்திலேயே தப்புக் கண்டுபிடிக்கிறவளாம் என்று மற்ற கேடிகள் பேசிக்கொண்டார்கள். அவர்களில் எம்ரிஸ் என்று வேல்ஸ்காரன் ஒருவன். ஐம்பது வயது, நடப்பதென்றாலே சலிப்பு. யோரான் என்கிற ஸ்வீடன்காரனுக்குப் பை தூக்கினான். செக் நாட்டில் ஒரு சனிக்கிழமை ஃபின்டனும் யோரானும் ஒன்றாக ஆட நேர்ந்தது. காலையில் தானே நடந்து அளப்பதற்குப் பதில், ஊனா சொல்வதை ஒட்டுக்கேட்டுக்கொண்டால் போதும் என்று எம்ரிஸ் தூங்கிவிட்டு வந்தான். தூரத்தைத் தெரிந்துகொள்வதில் விதிமீறல் எதுவும் இல்லை, சோம்பல் மட்டும்தான் உண்டு.

பதினான்காவது குழி, பச்சைத் திட்டுக்கு முன்னால் குளம். இரண்டு பந்துகளும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஊனா தம்பியிடம் நூற்றைம்பது என்றாள். எம்ரிஸ் அதையே யோரானின் காதில் ஓதினான். யோரான், யார் எதைச் சொன்னாலும் நம்புகிற நல்ல மனிதன். பந்து 'பொளக்' என்று குளத்தின் நடுவே விழுந்தது. ஃபின்டன் வழக்கம்போல முகத்தைச் சுளித்துப் பெரிய மட்டையை எடுத்தான். குழிக்கு ஆறடியில் நிறுத்தினான்.

சாயங்காலம் எம்ரிஸ் பீர் கோப்பையோடு அவளுடைய மேசைக்கு வந்தான்.

"ஏம்மா, உன் எண்ணு பத்து கஜம் ஒதைக்குது."

"என் எண்ணு உனக்கு எப்படித் தெரியும்?"

எம்ரிஸ் பீரை ஒரு வாய் குடித்தான். அப்புறம் மெதுவாக அவன் முகத்தில் வெளிச்சம் பரவியது. "அடிப்பாவி! தெரிஞ்சே சொல்றியா? சொந்தத் தம்பிகிட்டயா?"

"சத்தம் போடாதய்யா."

"இதை நான் ஃபின்டன்கிட்ட சொன்னா என்ன ஆகும்?"

"தாராளமாச் சொல்லு" என்றாள் ஊனா, பன்றிக்கறியை வெட்டிக்கொண்டே. "அப்படியே யோரான்கிட்டயும் போய், அவன் பந்து ஏன் குளத்துக்குப் போச்சுன்னு நான் சொல்லிட்டு வரேன்."

எம்ரிஸ் சிரித்துவிட்டான். அவளுக்கும் ஒரு பீர் வாங்கி வந்து வைத்தான். அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் கண்ணடித்து, "பத்து நல்லா இருக்கா?" என்று குசலம் விசாரிப்பான். அவள் உடனே ஃபின்டன் எங்கே நிற்கிறான் என்று திரும்பிப் பார்ப்பாள்.

உண்மையான ஆபத்து வேறு பக்கமிருந்து வந்தது. செப்டம்பரில் சொந்த நாட்டுப் போட்டி. வானொலிக்காரர்கள் ஃபின்டனைப் பிடித்துக்கொண்டார்கள். "என் அக்கா ஒரு எண்ணு சொன்னா அது கல்லுல வெட்டின மாதிரி. இனிமே கண்ணை மூடிட்டு நம்பப்போறேன்" என்று அவன் ஊருக்கே அறிவித்தான். பக்கத்தில் நின்ற ஊனாவுக்கு மயக்கமே வந்தது.

சொன்னபடியே நம்பினான். கூட்டவில்லை, முனகவில்லை, அவள் சொன்ன தூரத்துக்கே அடித்தான். பந்து பத்து கஜம் முன்னால் ஓடையில் விழுந்தது. கூடியிருந்த சொந்தபந்தமெல்லாம் "ஐயோ" என்றது.

"காத்துடா" என்றாள் ஊனா.

"காத்தா? கொடி அசையவே இல்லியே?"

"மேல அடிக்குது."

அதிலிருந்து அவள் பிழைப்பு நாய்ப்பிழைப்பானது. பையன் இன்றைக்கு நம்புவானா, மாட்டானா என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். இரண்டு வாரம் கவனித்ததில் ஒரு வழி கிடைத்தது. காலையில் முட்டை, பன்றி வறுவல், ரொட்டி என்று தட்டை வழித்துச் சாப்பிட்டானென்றால் அன்றைக்கு ஆள் தைரியமாக இருக்கிறான், நம்புவான், உண்மையைச் சொல்லலாம். தேநீரோடு எழுந்துவிட்டால் பொய். ஹோட்டல் சாப்பாட்டுக்கூடத்தில் நாற்பது வயதுப் பெண்மணி தம்பியின் தட்டையே வெறிப்பதைப் பார்த்துப் பரிசாரகர்கள், பாவம், பாசக்காரி என்று நினைத்தார்கள்.

அக்டோபர். மறுபடி ஸ்பெயின், கணக்கு முடியும் கடைசிப் போட்டி. ஞாயிற்றுக்கிழமை காலை ஃபின்டன் ஒரு முட்டையில் சரியாகப் பாதியைத் தின்றுவிட்டு எழுந்தான்.

"மீதியைச் சாப்பிடுடா!"

"போதும்க்கா."

"இல்லேன்னா தின்னதையாவது துப்பு" என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டாள்.

பதினேழு குழிகளை எப்படியோ ஒப்பேற்றினாள், ஒன்றில் பொய், ஒன்றில் உண்மை, ஒன்றில் சாமி விட்ட வழி. பதினெட்டாவதில் இரண்டாவது அடிக்கு நிற்கும்போது புள்ளிப் பலகையில் எல்லாம் தெளிவாக இருந்தது. நாலு அடியில் முடித்தால் நூற்றுப்பத்துக்குள் நுழைவான். ஐந்தானால் நூற்றுப் பன்னிரண்டு, வீடு. கொடி நூற்று அறுபத்தெட்டு கஜத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் பார்வையாளர் மேடை.

"எவ்ளோ?" என்றான்.

ஊனா நிமிர்ந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். ஏழு வயதில் பல் விழுந்த அன்றைக்கு இருந்த அதே முகம். மறுபடி பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"டேய், நான் ஒண்ணு சொல்லணும். மே மாசத்துல இருந்து உங்கிட்டப் பத்து கஜம் குறைச்சுச் சொல்லிட்டிருக்கேன்."

ஃபின்டன் அவளையே பார்த்தான். "எந்தக் குழியில?"

"கிட்டத்தட்ட எல்லாத்துலயும்."

"பெல்ஜியத்துலயா?"

"முக்கியமா பெல்ஜியத்துல."

அவன் பையின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தான். "நான்தான் சுதாரிச்சேன்னு பாட்டியம்மாவுக்கெல்லாம் போன் பண்ணிச் சொன்னேனே! உனக்கு வெக்கமா இல்லியா?"

"முதல் வாரம் இருந்துச்சு."

கையில் நேரக் கருவியோடு டச்சுக்கார நடுவர் ஒருவர் வந்தார். "மிஸ்டர் லெனிஹன், நாப்பது செகண்ட்ல அடிக்கணும்."

"சார், இது குடும்ப விஷயம்."

"சாயங்காலம் உக்காந்து நல்லாச் சண்டை போடுங்க. இப்ப அடிங்க."

ஃபின்டன் எழுந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, "நிஜத்தைச் சொல்லு. எவ்ளோ?" என்றான்.

"நூத்தி அறுபத்தி எட்டு. சத்தியமா."

அரை நிமிடம் யோசித்தான். அதற்கப்புறம், இந்த உலகத்தில் வேறு எந்த மனிதனும் செய்யாததைச் செய்தான். ஒரு மட்டை பெரிதாக எடுத்தான்.

"டேய், வேணாம்டா!"

அடித்துவிட்டான். அழகான அடி. கொடிக்கு மேலேயே பறந்து, பச்சைத் திட்டைத் தாண்டி, மேடையின் இரும்புப் படிக்கட்டில் 'டணார்' என்று மோதி, அடியில் போய் உருண்டது. ஊனா கண்ணை மூடிக்கொண்டாள்.

டச்சுக்காரர்தான் காப்பாற்றினார். மேடை என்பது போட்டிக்காகக் கட்டின தற்காலிகக் கட்டடம், அதன் அடியில் சிக்கிய பந்தைத் தண்டனையில்லாமல் வெளியே எடுத்துப் போடலாம். போடும் இடத்தைக் காட்டினார். கரடுமுரடான புதரெல்லாம் தாண்டி வெட்டிச் சீராக்கிய புல். இனி யாரும் தூரம் சொல்ல வேண்டிய அவசியமில்லை, இருபது கஜம் கண்ணுக்கெதிரே தெரிந்தது. ஃபின்டன் மெல்லத் தட்டினான். குழிக்கு ஐந்தடி தூரத்தில் நின்றது. அதையும் உள்ளே தள்ளினான். மொத்தம் நாலு அடி. கூட்டம் கத்தியது. தூரத்தில் எம்ரிஸ் தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.

அக்காவும் தம்பியும் கட்டிக்கொள்ளவில்லை. அவன் புள்ளி அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே பேருந்தில் ஏறினான். விமானத்தில் தனி வரிசையில் உட்கார்ந்தான். மூன்று நாள் பேச்சில்லை.

நாலாவது நாள் போன் வந்தது.

"ஒரு கேள்வி" என்றான், ஹலோகூடச் சொல்லாமல். "அப்படின்னா மே மாசத்துல இருந்து நான் அடிச்சதெல்லாம் சரியான தூரத்துக்குத்தானா?"

"அந்த ஓடையைத் தவிர, அச்சுப் பிசகாம."

"அப்ப நான் நல்லா ஆடினேனா?"

"உன் அடி எப்பவுமே நல்லாத்தாண்டா இருந்துச்சு. ஒரு பைத்தியக்காரனை உன் மண்டைக்குள்ள உக்கார வச்சிருந்தே, அவனுக்குத்தான் நான் பொய் சொன்னேன். உனக்கில்லை."

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மாதிரி ஏதோ வந்தது. ஜலதோஷமாகவும் இருக்கலாம்.

"ஜனவரியில துபாய்க்கா."

"புத்தகத்தை நீயே வாங்கி உன் பாக்கெட்டுல வச்சுக்கிறியா?"

"வச்சுக்கிறேன். திறப்பேன்னு சொல்லமாட்டேன்."

ஊனா அன்று மத்தியானமே அலுவலகத்துக்கு இன்னொரு வருட விடுப்பு கேட்டு எழுதினாள். காரணம் என்கிற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். கடைசியில், குடும்பத்தில் ஒருவருக்குத் தொடர்ந்து துணை தேவைப்படுகிறது என்று எழுதினாள். மேலதிகாரி படித்துவிட்டு உருகிப்போனார். உடனே கையெழுத்துப் போட்டு, பழக்கூடை ஒன்றையும் அனுப்பிவைத்தார்.