படம் விட்டு வந்தவர்

முட்டை லாரி ஓட்டுநர் பச்சமுத்து, மனதைத் தொடுகிற காதல் நகைச்சுவைப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், முப்பத்தைந்து நிமிடத்துக்கு வேறொரு ஆளாக இருந்தார். எருமப்பட்டியில் இது பதினான்கு ஆண்டுகள் நடந்தது. படம் விட்டு வந்தவரை ‘அவர்’ என்றும் வீட்டில் இருந்தவனை ‘அவன்’ என்றும் சொல்வது ஊரில் தானாகவே வழக்கமாகிவிட்டது. இங்கும் அப்படியே எழுதப்படுகிறது.

முதல் முறை நடந்தது 2009இல், பறவைக் காய்ச்சல் என்று கேரள எல்லையில் முட்டை லாரிகளைத் திருப்பி அனுப்பிய வாரத்தில். வேலையில்லாமல் வீட்டில் கிடந்த பச்சமுத்து, பொழுது போகாமல் மனைவி அறிவுச்செல்வியை மதியக் காட்சிக்குக் கூட்டிப் போனான். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதுவரை அவளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏய்’ போதுமானதாக இருந்தது. படத்தில் ஒரு தையல்காரனும் ஒரு நர்சும் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு இரண்டு மணி நேரம் சண்டை போட்டு, கடைசியில் ஒரு பஸ் ஸ்டாப்பில் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். பச்சமுத்து அழுதான். வெளியே வந்தபோது அவன் இடது புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பைக் காணவில்லை. “கால் வலிக்குதுங்களா அம்மிணி? மெதுவாவே நடக்கலாமுங்க” என்றார் அவர். எந்தப் புருஷனும் பெண்டாட்டியிடம் ‘ங்க’ போட்டுப் பேசி அறிவுச்செல்வி கேட்டதில்லை. பயத்தில் இரண்டடி பின்னாலேயே நடந்தாள். லாரி எடைமேடையைத் தாண்டும்போது தழும்பு திரும்பி வந்தது. “ஏய், என்ன ஆடி அசைஞ்சு வர்ற” என்றான் அவன்.

அவள் யாரிடமும் சொல்லாமல் சோதித்துப் பார்த்தாள். சண்டைப் படத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. சாமி படத்துக்கும் இல்லை. காதலர்கள் செத்துப்போகும் படங்களுக்குத் தழும்பு லேசாக மங்கி, சைக்கிள் ஸ்டாண்டு வருவதற்குள் பழையபடி ஆனது. இரண்டு பேர் அசட்டுத்தனமாகச் சண்டை போட்டு, பார்ப்பவர்களைச் சிரிக்கவைத்து, மனசு விட்டு ஒரு வார்த்தை பேசிச் சேர்ந்துகொள்கிற படமாக இருந்தால் மட்டுமே அவர் வந்தார். அவனுக்கும் அந்தப் படங்கள் பிடித்திருந்தன; கூப்பிட்டால் வருவான். படம் விட்ட பிறகு நடந்தது எதுவும் அவனுக்கு நினைவிருக்காது, கடைசியில் தூங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வான். தியேட்டர் மேனேஜர் ஜான் பாஷாவிடம் ஒரு நாள் விஷயத்தைச் சொன்னாள். பாஷா வியப்படையவில்லை. “இருபது வருஷமா இந்த வாசல்ல நிக்கறேன் தங்கச்சி. இந்த மாதிரிப் படம் விட்டு வர்றப்ப எல்லா ஆம்பளையும் அரை மணி நேரம் நல்லவந்தான். உங்க ஊட்டுக்காரருக்கு மூஞ்சியிலயே தெரியுது, அவ்வளவுதான்” என்றார்.

கிடைத்த நேரத்தை வீட்டுக்கு நடந்து வீணாக்கக் கூடாது என்று, தியேட்டருக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார்கள். அவருக்கு வீடும் தெரியாது, லாரியும் தெரியாது. ஆனால் பெஞ்சில் பேசியதெல்லாம் தெரியும். போன மாதம் விட்ட இடத்திலிருந்தே பேச்சைத் தொடர்வார். அவள் பத்தாவதில் கணக்கில் வாங்கிய மார்க்கைக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். ஒரு நாள் அவள் கை கன்றியிருப்பதைப் பார்த்தார்.

“யாருங்க அடிச்சது?”

“எங்க ஊட்டுக்காரருங்க.”

“அந்தாளை எனக்கு ஒரு நாள் காட்டுங்க. நான் கேக்கறேன்.”

“உங்களால பார்க்க முடியாதுங்க” என்றாள்.

கேள்விப்பட்டு மாமியார் ராமாத்தாளும் ஒரு முறை டீக்கடைக்கு வந்தார். பெஞ்சில் இருந்த அவர் எழுந்து இடம் கொடுத்து, டீயை ஆற்றித் தந்தார். ராமாத்தாள் முழுவதையும் குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். இரண்டு நாள் சாப்பிடவில்லை.

2016இல் “எங்கியாச்சும் போயரலாமுங்க” என்றார் அவர். நாமக்கல் பஸ்ஸில் ஏறினார்கள். பாதி வழியில் தழும்பு வந்தது. தான் எதற்குப் பஸ்ஸில் இருக்கிறோம் என்று புரியாத அவன், அத்தனை பேர் முன்னால் அவளை அறைந்தான். எட்டு மாதம் அவள் தியேட்டர் பக்கம் போகவில்லை. பிறகு, அவர் எங்கேயோ தனியாகக் காத்திருப்பார் என்று தோன்றிப் போனாள். அவளுடைய அண்ணன் இரண்டு முறை வந்து, துணிமணியை எடுத்துக்கொண்டு புறப்படச் சொன்னார். இரண்டு முறையும், வெள்ளிக்கிழமை ஒரு நல்ல படம் வருகிறது என்று சொல்லி மறுத்துவிட்டாள்.

அப்புறம் அந்த மாதிரிப் படங்கள் குறைந்தன. கதாநாயகர்கள் எல்லோரும் அரிவாளை எடுத்துக்கொண்டார்கள். செல்போனில் போட்டுக் காட்டியும் அவர் வரவில்லை. 2023இல் தியேட்டரை மூடிக் கல்யாண மண்டபம் ஆக்குவது என்று முடிவானது. கடைசி நாள் மதியக் காட்சிக்கு ஜான் பாஷா ஒரு பழைய படத்தைத் தேடிப் பிடித்துப் போட்டார். படம் விட்டுப் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் சொன்னார்:

“அந்தாளை உட்டுட்டுப் போயிருங்க.”

“போனா உங்களைப் பார்க்க முடியாதுங்களே.”

“இனிமே எப்படியும் பார்க்க முடியாதுங்க அம்மிணி.”

அவள் கை அவர் கைமேல் இருந்தது. கை இருந்த இடத்திலேயே இருக்க, ஆள் மாறினான். “எல்லாரும் பார்க்கறாங்க, எடு” என்றான் அவன்.

ஆறு மாதம் கழித்து, லாரி ஷெட்டில் யாரோ பேச்சுவாக்கில், உன் பெண்டாட்டியும் அந்த மனுஷனும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது பார்க்கவே அழகாக இருக்கும், இப்போது காணவே முடியவில்லை என்று சொல்லிவிட்டார். பச்சமுத்து அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டான். வீட்டுக்குப் போய் அவளை அடித்தான். பிறகு கோயில் முன்னால் பங்காளிகளைக் கூட்டினான். டீக்கடைக்காரர் உள்ளதைச் சொன்னார்: பதினான்கு வருஷமாக உட்கார்ந்தார்கள், கூட உட்கார்ந்தது பச்சமுத்துதான். தான் அந்தப் பெஞ்சில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை என்றான் பச்சமுத்து. அதுவும் உண்மை என்று எல்லோருக்கும் தெரியும். பெரியவர் அங்கமுத்து அவளைக் கேட்டார்.

“அந்தாளு மேல உனக்கு மனசு இருந்துச்சா சாமி?”

“இருந்துச்சுங்க.”

“இவன் மேல?”

அறிவுச்செல்வி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தப்பு அவள் மேல்தான் என்று அங்கேயே முடிவாகி, கல்யாணத்தைத் தீர்த்து எழுதினார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள். கூட்டம் கலையும்போது ராமாத்தாள் ஒரு துணிப்பையோடு வந்து அவள் பக்கத்தில் நின்றார். என்ன இது என்று பச்சமுத்து அதட்டினான். ராமாத்தாள் அவனைப் பார்க்காமல் அங்கமுத்துவிடம் சொன்னார்: “பெஞ்சுல உக்காந்தவனும் நான் பெத்ததுதானுங்க. நான் இவகூடப் போறேன்.”

இருவரும் இப்போது ஜேடர்பாளையத்தில், அணைக்குப் போகிற வழியில் மீன் வறுத்து விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சோடி சோடியாக வருகிற பிள்ளைகள், புதுப் படம் பார்த்தீர்களா அக்கா என்று கேட்பதுண்டு. “பார்க்க நல்லாத்தான் இருக்கும் சாமி. படம் முடிஞ்சா எந்திரிச்சு வரணுமே” என்பாள் அறிவுச்செல்வி. போன தையில் ரேஷன் கார்டுக்காக விசாரிக்க ஒரு பெண் வந்தாள். வீட்டில் ஆம்பளை யாரும் இல்லையா என்று கேட்டாள். மருமகள் வாய் திறப்பதற்குள் ராமாத்தாள், “எம்மவன் வெளியூர்ல இருக்கறான்” என்றார். எப்போது வருவார் என்றதற்கு, வரமாட்டான் என்றார். அந்தப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.