சுவர் வைக்காத வீடு

பஞ்சு என் முன்னால் விரித்த தாளில் இருபது பெயர்கள் இருந்தன. எட்டுப் பெயர்களைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். பதினொரு பெயர்களுக்கு எதிரே கையெழுத்து விழுந்திருந்தது. என் கணவர் சந்திரமௌலியின் பெயருக்கு எதிரே மட்டும் ஒன்றும் இல்லை.

"இன்னும் ஒருத்தர் வேணும் மன்னி. பன்னண்டு பேர் இல்லேன்னா கடன் சாங்ஷன் ஆகாது. அவன் பேர் இருக்கற எடத்துல உங்க பேரை எழுதிக்கறோம். அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை மீட்டிங். அதுக்குள்ள சொல்லிடுங்கோ."

அது 1967 மார்ச். அவர் போய் நாற்பத்தேழு நாள் ஆகியிருந்தது. ஆபீசுக்குக் கிளம்பியவரைத் தாதரில் வண்டியிலிருந்து இறக்கிப் படுக்க வைத்தார்களாம். அவரும் பஞ்சுவும் ஒரே ஆபீஸ். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே வேலை பார்த்த இருபது பேர் சேர்ந்து ஒரு சொசைட்டி ஆரம்பித்து, செம்பூரில் நிலம் வாங்கி, இரண்டு தளம் எழுப்பியிருந்தார்கள். பிறகுதான் பம்பாய் மாறியது. மதராசிகள் திரும்பிப் போக வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். எந்தெந்த ஆபீசில் எத்தனை தென்னாட்டுக்காரர்கள் என்று ஒரு மராத்திப் பத்திரிகை வாராவாரம் பட்டியல் போட்டது. இவருக்கு மராத்தி தெரியாது. ஆனால் சம்ஸ்கிருதம் படித்தவரானதால் எழுத்து தெரியும். பத்திரிகையை வாங்கி வந்து, தன் பெயர் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுவார். செம்பூரில் வீட்டைப் பாதி விலைக்கு விற்றுவிட்டுப் போனவர்களின் கதை தினம் ஒன்று வரும். எங்கள் சொசைட்டியிலும் எட்டுப் பேர் விலகிக்கொள்ள, கட்டட வேலை நின்றுபோனது. விலை இன்னும் இறங்கும் என்றார்கள். இதுதான் வாங்க வேண்டிய நேரம் என்றும் அதே ஆட்களே சொன்னார்கள்.

"வருஷம் முடியறதுக்குள்ள புது வீடு கூடாதும்பா" என்றேன் பஞ்சுவிடம். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"அதெல்லாம் கிரகப்பிரவேசத்துக்கு, மன்னி. சுவரே இல்லாத வீட்டுக்கு எந்த சாஸ்திரம் என்ன சொல்லப்போறது?"

உள்ளே படித்துக்கொண்டிருந்த என் பெண் ஷ்யாமளா களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டாள். அந்த வீட்டில் நாற்பத்தேழு நாளில் கேட்ட முதல் சிரிப்பு.

"அவர் என்ன நினைச்சிண்டிருந்தார் பஞ்சு?"

"எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான். 'யார் போனாலும் நான் இருக்கேண்டா'ன்னான்."

வியாழக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து என் மைத்துனரின் கடிதம் வந்தது. பம்பாயில் இனி ஒரு செங்கல்கூட வாங்குவதில்லை என்று அண்ணா தீபாவளிக்கு வந்தபோது தன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள், பக்கத்திலேயே ஒரு ஜாகை பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர். பஞ்சுவும் அப்படித்தான்.

என்னிடம் அவர் என்ன சொன்னார் என்பதுதான் எனக்கு நினைவுக்கு வரவில்லை. சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். சாப்பிட்டுக் கை கழுவும்போது அந்தப் பேச்சை எடுப்பார். நான் அடுப்படியில் இருப்பேன். குழாய்ச் சத்தத்தில் பாதி கேட்கும். ம், ம் என்று சொல்லி வைப்பேன். எதற்கு அந்த ம் போட்டேனோ! பதினெட்டு வருஷத்தில் அவர் சொன்ன எத்தனையோ உதவாத விஷயங்கள் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருந்தன. 1952இல் மழையில் எந்தக் குடை தொலைந்தது என்பதுகூட. இது மட்டும் இல்லை. மாடுங்காவில் நாங்கள் இருந்த அறைக்கு வாடகை ரசீது அவர் பெயரில்தான் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் படியில் பார்த்தபோதெல்லாம், "எப்போது ஊருக்கு?" என்று இந்தியில் மரியாதையாகக் கேட்க ஆரம்பித்திருந்தார். எந்த ஊருக்கு என்று நான் திருப்பிக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்குக்கு ஒரு மணி முன்னதாகவே ஷ்யாமளாவுடன் கிளம்பினேன். மீட்டிங் கட்டடத்திலேயேதான். அந்த இடத்தை நான் பூமி பூஜையன்று பார்த்ததோடு சரி. குர்லாவில் வண்டி மாறக் காத்திருந்தபோது எதிர்ச் சுவரில் தாரால் பெரிதாக ஏதோ எழுதியிருந்தது. ஷ்யாமளா பள்ளிக்கூடத்தில் மராத்தி படித்தவள்.

"என்னடி எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்லேம்மா. சோப் விளம்பரம்."

சோப்பு விளம்பரத்தில் ஒரு பெண்ணின் படமாவது இருக்கும். நான் மேலே கேட்கவில்லை.

கட்டடம் தூண்களும் தளங்களுமாக நின்றது. வேலை நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது; கம்பிகளில் துரு. வாட்ச்மேன் இசக்கி திருநெல்வேலிப் பக்கத்து ஆள். தாராவியிலிருந்து வந்து மனைவியோடு அங்கேயே தகரக் கொட்டகையில் குடியிருந்தான். யார் வீடு என்று கேட்டவனிடம் பெயரைச் சொன்னேன்.

"நம்ம ஐயா வூட்டம்மாவா! ஐயாவ ரெண்டு மாசமாக் காணுமேன்னு..." என்று ஆரம்பித்தவன் என் நெற்றியைப் பார்த்துவிட்டான். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"இங்க அடிக்கடி வருவாரா?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம தவறாம வருவாவளேம்மா."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வாசகசாலைக்குப் போவதாகச் சொல்லித்தான் கிளம்புவார்.

இரண்டாவது தளத்துக்கு மூங்கில் சாரத்தில் ஏறினோம். "பாத்து வாங்க, கம்பு ஆடும்" என்று இசக்கி முன்னால் போனான். மேலே ஒரு மூலையைக் காட்டினான். நான்கு தூண்கள், தலைக்கு மேல் வானம். அதுதான் எங்கள் வீடு.

"ஒரு வாரம் கயித்தக் கொண்டாந்து அளப்பாவ. இங்ஙன கட்டிலு, இங்ஙன பாப்பா படிக்க மேசைன்னு. மறு வாரம் பாத்தா ஒரு சேட்டக் கூட்டியாந்து நிப்பாவ, வித்துருவோம் இசக்கின்னு. சேட்டு எறங்கிப் போனப்பெறவு, அந்தாளு மூஞ்சியே சரியில்லம்பாவ. மூணு சேட்டு வந்தாவம்மா. மூணு மூஞ்சியும் ஐயாவுக்குப் பிடிக்கல."

"கடைசியா வந்தப்போ?"

"அன்னைக்கு ஒண்ணும் பேசல. இந்தத் தூணுல சாஞ்சு நின்னு கடல தின்னாவ."

"வேணுங்கற மாதிரி இருந்துதா, வேண்டாங்கற மாதிரி இருந்துதா?"

இசக்கி நேர்மையாக யோசித்தான். "கடலதாம்மா தின்னாவ" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. பஞ்சுவிடம் ஒன்று, தம்பியிடம் ஒன்று, என்னிடம் குழாய்ச் சத்தத்தோடு ஒன்று. இந்தத் தூணிடமாவது சரியாகச் சொல்லியிருப்பாரோ என்று பார்ப்பதுபோல் அதன் மேல் கையை வைத்தேன். வெயிலில் சுட்டது.

"அம்மா, நான் இப்போ யாராத்துல நிக்கறேன்?" என்று ஷ்யாமளா தளத்தின் நடுவிலிருந்து கேட்டாள்.

"அது செகரட்டரி ஐயா வூட்டுக் குளிக்கற ரூமு பாப்பா" என்றான் இசக்கி.

எங்கள் தூண்களுக்கு நடுவே கயிறு கட்டி ஒரு பச்சைச் சேலை உலர்த்தியிருந்தது. சாரத்தில் இசக்கியின் மனைவி பேராச்சி மூச்சு வாங்க ஏறி வந்தாள். "தப்பா எடுத்துக்கிடாதீங்கம்மா. காத்து நல்லா வருதேன்னு உங்க வூட்டுல போட்டுட்டேன்" என்று சேலையை இழுக்கப் போனாள்.

"இருக்கட்டும். காயட்டும்" என்றேன். என்னை அறியாமல் வந்த குரல் அது. வீட்டுக்காரிபோல ஒலித்தது. எனக்கே கூச்சமாக இருந்தது.

கீழே ஆட்கள் வந்து சேரும் பேச்சுச் சத்தம் கேட்டது. பஞ்சு தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"மன்னி, எல்லாரும் வந்துட்டா. என்ன சொல்றேள்?"

கழிமுகத்துப் பக்கமிருந்து காற்று வந்தது. ஈரச் சேலை எழும்பியபோது தூரத்து உப்பளம் மறைந்தது. தழைந்தபோது மறுபடி தெரிந்தது. சேலைக்குக் கீழே ஷ்யாமளாவின் கால்கள் மட்டும், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.