தட்டுக்கு வலப்பக்கம்

எண்ணெய்க் கிண்ணத்தில் விரலை நனைத்துக்கொண்டு கோகிலா குனிவதற்குள் அழகு மாமா குனிந்துவிட்டார். பிணத்தின் தலைக்கு அல்ல, இடுப்புக்கு. குளிப்பாட்டுவதற்காகக் கார் நிறுத்தும் இடத்தில் பெஞ்சு போட்டு அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வேட்டி கொஞ்சம் இறங்கியிருந்தது. வலது இடுப்பெலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்துக் காய்ப்பு காய்த்திருந்தது. மாமா அதை ஆள்காட்டி விரலால் தடவினார்.

"பாத்தீங்களாப்பா. நாப்பது வருஷமா தினம் இங்கதான் இருந்துச்சு. இவ்வளவு சின்னதா இருக்கவேதான் வெளிய தெரியல. மேல சட்டைய விட்டா மணிபர்ஸ் மாதிரி இருக்கும்."

சுற்றி நின்ற ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். சுடும் கிளப்பில் அப்பாவோடு பழகிய ஹாரிஸ் தன் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு குனிந்து பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டினார். செத்தவனின் இடுப்பில் ரசிப்பதற்கு இவர்களுக்கு ஏதோ இருந்தது. கோகிலா எண்ணெயை அப்பாவின் தலையில் வைத்துவிட்டு, சீயக்காயையும் வைத்துவிட்டு, கையைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். தேவைக்கு மேல் கழுவினாள்.

அப்பா சண்முகநாதனுக்குப் பினாங்கு ஸ்திரீட்டில் நகைக்கடை இருந்தது. நகையை எடுத்துக்கொண்டு போய்வருகிறவர் என்று அந்தக் காலத்தில் போலீஸ் அவருக்குக் கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுத்திருந்தது. கடையை மூடிப் பல வருஷம் ஆகியும் லைசென்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். கடை போனபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர், கைத்துப்பாக்கியின் பிடியில் கீறல் விழுந்தபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மாரடைப்பில் போனார். வந்தவர்களெல்லாம் தங்கமான மனுஷன் என்றார்கள். அதற்கும் தலையாட்ட வேண்டியிருந்தது.

உடம்பைத் துடைத்துப் புது வேட்டி கட்டிக் கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தார்கள். அழகு மாமா கோகிலாவைத் தனியாகக் கூப்பிட்டு, நல்ல சேதி சொல்பவர் போலச் சொன்னார். ஆள் போனதும் லைசென்ஸும் போய்விடுமாம். காலையிலேயே பாலாய்க்கு, போலீஸ் ஸ்டேஷனுக்கு, போன் பண்ணிவிட்டாராம். போலீஸ் வந்து துப்பாக்கியை எடுத்துப் போகும். ஆனால் தம்பி சோமு தன் பேருக்கு மாற்றக் கேட்டு மனுப்போடலாம். வீட்டில் யாரும் ஆட்சேபம் சொல்லாமல் இருந்தால் போதும், மேலே பேச அவர் இருக்கிறார். அவரிடமும் அதே கம்பெனித் துப்பாக்கி ஒன்று உண்டு. நகைக்கடைக்காரர்கள் சங்கத்தில் அவரையும் அப்பாவையும் இரட்டையர் என்று கிண்டல் செய்வார்களாம்.

"மாமா, எனக்கு அது வீட்ல இருக்கவே வேணாம்," என்றாள்.

அவர் சிரித்தார். "ஒனக்குத் தெரியாது லா. ஜெர்மனியில உல்ம்ங்கிற ஊர்ல செஞ்சது. இப்ப அதே பேர்ல அமெரிக்காக்காரன் செய்றான், ஆனா அது வேற. புதுசா வர்றதெல்லாம் பிளாஸ்டிக்கு. இது முழு இரும்பு. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால போட்ட டிசைன், இதுக்கு மேல ஒருத்தன் செய்யட்டும் பாப்போம்."

பின்பக்கத்தில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆண்களும் இதே பேச்சில்தான் இருந்தார்கள். கூடத்தில் பெட்டிக்குத் தலைமாட்டில் விளக்கு எரிந்தது, பெண்கள் அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்தினார்கள். இங்கே காப்பியும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு இவர்கள், ஓரங்களில் நீலச் சாயம் தேய்ந்து இரும்பு வெளுத்துத் தெரிவதுதான் பழைய துப்பாக்கிக்கு லட்சணம் என்றார்கள். விசையை இழுக்கும்போது முதல் தடவை கனமாக இருக்கும், அடுத்தது வெண்ணெய் மாதிரி போகும் என்றார்கள். ஹாரிஸ் அதை ஒரே ஒரு தடவை கையில் வைத்துப் பார்க்க முடியுமா என்று கேட்டார். இன்னொருவர், பெண்டாட்டியை மாற்றினாலும் இதை மாற்றக் கூடாது என்றார். சாவு வீடு என்று நினைவு வந்து சத்தம் குறைத்துச் சிரித்தார்கள். கோகிலாவுக்கு அந்தக் காப்பி டம்ளர்களை அப்படியே தட்டிவிட வேண்டும் போல இருந்தது.

அந்த மேஜையை அவளுக்குத் தெரியும். அம்மா சிவகாமி எதையாவது கேட்பாள். பெரிய விஷயமே இல்லை. நிபோங் திபாலில் தங்கை மகளுக்கு வளைகாப்பு, ஒருநாள் போய்விட்டு வரட்டுமா என்பது மாதிரி. அப்பா பதில் சொல்ல மாட்டார். கையைத் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து அதை எடுத்துத் தட்டுக்கு வலப்பக்கம் வைப்பார். பிறகு சாப்பாட்டைத் தொடர்வார். திட்டியதில்லை, கையை ஓங்கியதில்லை, யாரையும் குறிவைத்ததும் இல்லை. ரசத்தைக் கரண்டியால் கலக்கிக் குடிப்பார். கேள்வி அப்படியே செத்துப்போகும். போகப்போக அம்மா தட்டு வைக்கும்போதே டம்ளரை இடது பக்கம் வைத்து, ரசச் சட்டியைத் தள்ளி வைத்து, வலப்பக்கத்தைக் காலியாக விட ஆரம்பித்தாள். இடம் விட்டு வைத்தாள். கோகிலாவுக்கு அப்பாவின் மேல் பயம் இருந்தது. அருவருப்பு அந்தக் காலி இடத்தின் மேல்தான். தான் விரும்பியவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவள் சொன்ன நாளிலும் அது மேஜைக்கு வந்தது. அவள் சாப்பாட்டை முடிக்காமல் எழுந்து போனவள்தான். ஆயர் ஈத்தாமில் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடியில் குடித்தனம். இந்த வீட்டிலிருந்து அங்கே யாரும் வந்ததில்லை.

அம்மாவைக் கையைப் பிடித்து அடுப்படிக்கு அழைத்துப் போனாள். போலீஸ் வந்து கேட்டால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாள். அம்மா நெற்றியில் இன்னும் குங்குமம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அழித்துவிடுவார்கள்.

"ஊரு முன்னால அவர அசிங்கப்படுத்தச் சொல்றியா?" என்றாள் அம்மா. "என்னைக்காச்சும் எம்மேல கை வச்சிருக்காரா? சொல்லு."

"அத எடுத்து வைப்பாருல்ல, ஆத்தா."

"மேஜ மேல இருந்துச்சு. அவ்வளவுதான். எத்தன வீட்ல அடிச்சுக் கைய ஒடைக்கிறான்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டியருகே போய் உட்கார்ந்தாள். அந்த முகத்தில் துக்கம் இருந்தது, அதில் பொய் எதுவும் இல்லை. கோகிலாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அவள் அடுப்படி வாசலில் நின்றபோதுதான் சோமு துப்பாக்கியைக் கொண்டுவந்தான். அப்பாவின் அறையில் இரும்புப் பெட்டியின் சாவி அவனிடம் இருந்தது. மாமாக்கள் கேட்டார்கள், எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். முதுகை நிமிர்த்தி, அப்பாவைப் போலவே மெல்ல நடந்து வந்தான். அவன் மனைவி நித்யா காப்பித் தட்டோடு குறுக்கே வந்து, தணிந்த குரலில்தான் சொன்னாள்.

"போலீஸ் வர்ற வரைக்கும் வெளிய எடுக்காதீங்க. லைசென்ஸ் இல்லாம தொட்டாலே கேஸுன்னு அழகு மாமாவே சொன்னாங்கல்ல..."

சோமு அவளைத் திட்டவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அப்பாவின் நாற்காலி. துப்பாக்கியை மேஜையில் தன் வலது கைக்குப் பக்கத்தில், சத்தம் வராமல் வைத்தான். பிறகு நித்யாவை நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான். அவள் வாய் பாதிச் சொல்லில் நின்றுவிட்டது. காப்பித் தட்டை அவனுக்கு இடது பக்கம் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

மாமாக்கள் எதையும் கவனிக்கவில்லை. அவர்கள் கண்ணெல்லாம் இரும்பின் மேல் இருந்தது. ஹாரிஸ் கேட்டபடியே கையில் வாங்கிப் பார்த்து, எடை போட்டு, என்ன பேலன்ஸ் என்றார். சோமு பெருமையாகச் சிரித்தான். அப்பாவின் சிரிப்பு இப்படி இருக்காது, அப்பா சிரிக்கவே மாட்டார். ஆனால் அந்தப் பார்வை அவருடையதுதான். நேற்று செத்துப்போனது இடுப்பில் காய்ப்பு காய்த்த உடம்பு மட்டும்தான் என்று கோகிலாவுக்குப் புரிந்தது. இது வரைக்கும் அம்மாவுக்காகத்தான் பதைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு முடிந்துவிட்டது. நித்யாவுக்கு இன்னும் நாற்பது வருஷம் இருந்தது.

போலீஸ் ஜீப் வந்தது. சலேஹா என்ற பெண் அதிகாரி, கூட ஒரு கான்ஸ்டபிள். சலேஹா காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பெட்டியின் முன் ஒரு நிமிஷம் தலைகுனிந்து நின்றார். பிறகு மேஜைக்கு வந்து துப்பாக்கியைப் பார்த்ததும் முகம் மாறியது. இதை வெளியே எடுத்தது யார் என்று மலாயில் கேட்டார்.

மாமாக்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் காப்பி டம்ளருக்குள் குனிந்து பார்த்தார்கள். சோமுவின் காது சிவந்தது. பிறகு அவன், அம்மாதான் எடுத்து வைத்தார், அவருக்குச் சட்டம் தெரியாது என்றான்.

கூடத்திலிருந்து எல்லாத் தலையும் சிவகாமியின் பக்கம் திரும்பியது. அவள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

சலேஹா நீண்ட நேரம் அம்மாவைப் பார்த்தார். தாலி கழற்றப்போகிறவளிடம் என்ன கேட்பது என்று விட்டுவிட்டார் போல. கையுறை போட்டுக்கொண்டு துப்பாக்கியைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று பார்த்தார். குண்டுகளை எண்ணிக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தார். அழுக்கைத் தொட்டவர் கை துடைக்கத் துணி தேடுகிற மாதிரித்தான் அதைப் பிடித்திருந்தார். அது ஒன்றுதான் அன்று கோகிலாவுக்குப் பிடித்த காட்சி. குடும்பத்தில் யாராவது தங்கள் பேருக்கு மாற்றக் கேட்கிறீர்களா, இல்லை ஒப்படைத்துவிடுகிறீர்களா என்று அவர் கேட்டார். ஒப்படைத்தால் அழித்துவிடுவார்கள். அழகு மாமா முந்திக்கொண்டு சோமுவின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு பாட்டம் பேசினார். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்றார் சலேஹா, அம்மாவைப் பார்த்து.

"எம்மவன் கேக்குறான். அவுக அப்பச்சி ஞாபகமா அவன்கிட்டயே இருக்கட்டும்," என்றாள் அம்மா. அழகு மாமா அதை மலாயில் சொன்னார்.

"எனக்குச் சம்மதம் இல்ல," என்றாள் கோகிலா.

நீ யார் இதில் பேச, வீட்டை விட்டுப் போனவளுக்கு என்ன உரிமை என்று சோமு எழுந்தான். சலேஹா கையமர்த்தி, இறந்தவருக்கு இவர் மகள்தானா என்று கேட்டார். ஆமாம் என்று ஒருவர் முனகினார். காரணம் என்ன என்றார் சலேஹா.

எடுத்தது யார் என்பதைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் தம்பி அப்பாவுக்குக் கொள்ளி வைக்கப் போக மாட்டான், ஜீப்பில் போவான். அதை அவள் விழுங்கிக்கொண்டாள். அப்பா செய்ததை மட்டும் மலாயில் சலேஹாவிடம் சொன்னாள். பிறகு கூடத்துப் பக்கம் திரும்பி, அழாமல், எல்லோருக்கும் தமிழில் சொன்னாள்.

"எங்க அப்பச்சி இத எங்க ஆத்தாவுக்கு முன்னால வச்சுத்தான் நாப்பது வருஷம் சோறு தின்னாரு. ஆத்தா வாயத் தொறந்தா இது மேஜைக்கு வரும். இன்னிக்குச் சோமு நித்யாவுக்கு வச்சான். இதே மேஜ."

ஒரு பெரியவர் சிவசிவா என்றார், எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை. அம்மா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பெற்ற மகளைப் பார்த்த பார்வையில் இருந்தது சுத்தமான வெறுப்பு. கோகிலா அதை எதிர்பார்த்திருந்தாள். எதிர்பார்த்தும் வலித்தது. சலேஹா துப்பாக்கியைப் பையில் போட்டு மூடினார். மாற்றித் தரச் சிபாரிசு செய்ய முடியாது என்று சோமுவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பின் எல்லாம் வேகமாக நடந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். கோகிலா போட்டபோது பக்கத்தில் நின்றவர்கள் புடவை படாமல் ஒதுங்கினார்கள். பெட்டியைத் தூக்கினார்கள். ஆண்கள் வாசலுக்கு வந்ததும் அழகு மாமா, கையில் கொள்ளிச் சட்டியோடு நின்ற சோமுவின் முதுகைத் தட்டினார்.

"மனச விடாதே தம்பி. எங்கிட்ட இருக்கறதும் உல்ம்ல செஞ்சதுதான். எனக்குப் பிள்ள இல்ல. இருக்கும்போதே ஒம்பேருக்கு மாத்திக் குடுக்குறேன், அடுத்த மாசம் போய்க் கேப்போம். ஒங்கக்கா அதுக்கு என்ன பண்ணுவா?"

சோமு தலையசைத்தான். ஊர்வல வண்டி கிளம்பியது. வாசல் தெளிக்கக் குடத்தோடு நின்ற நித்யாவுக்கு அது கேட்டது. கோகிலாவுக்கும் கேட்டது.

பெண்கள் அம்மாவை உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கோகிலாவை யாரும் கூப்பிடவில்லை. அவள் கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தாள். நித்யா அங்கே பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். சீயக்காய் நுரை மஞ்சளாக வாய்க்காலுக்கு ஓடியது. கோகிலா துடைப்பத்தை எடுத்துக் கூடவே தள்ளினாள். அவர் அப்படிப்பட்டவர் இல்லை அக்கா என்று நித்யா சொல்லப்போகிறாள் என்று நினைத்தாள். இந்த வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தாள்.

நித்யா அப்படிச் சொல்லவில்லை. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள், தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"ஆயர் ஈத்தாம் வீடு எத்தனாவது மாடிக்கா?"

"ஒம்போது. லிஃப்ட விட்டு எறங்கி எடது பக்கம், கடைசி வீடு."

"ஒம்போது," என்றாள் நித்யா. "எடது பக்கம், கடைசி." பெஞ்சின் காலை மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.