எஸ்தர் அக்காவின் நாற்பது மெயில்கள்

எனக்கு முன்கோபம் அதிகம். இந்த விஷயத்தில் மட்டும் கோபப்பட என்னைத் தவிர வேறு ஆளில்லை.

தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர்கள் புனேயில் நிறையப் பேர். திரையிலுள்ள தமிழை அவர்களுக்கு வாசித்துக் காட்டும் ஒரு மென்பொருளை நான்கு வருடமாக நடத்துகிறேன். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தி அனுப்பலாம். எண்களையும் தேதிகளையும் அது தடுமாறாமல் வாசிக்கிறது என்றால் அதற்கு எஸ்தர் அக்காதான் காரணம். கட்கியில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். மென்பொருளின் இணையதளத்தில் நேரடியாக ஏற்றும் முறை அவருக்குப் பிடிபடவில்லை, எழுதியதை மெயிலில் அனுப்புவார். ஔந்தில் என் ஃபிளாட்டில் உட்கார்ந்து நான் ஏற்றுவேன். ஏற்றுகிறவன் பெயர்தான் பதிவாகும். எழுதியவர் பெயரையும் சேர்க்க ஒரு வரி போதும். நாற்பது மெயில்கள் வந்தன, அந்த ஒரு வரியை ஒருமுறைகூட நான் எழுதவில்லை.

போன வியாழக்கிழமை காலை அக்கா போன் செய்தார்.

"தம்பி, ஸ்கூல்ல என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க. ஒரு கம்பெனி இன்டர்வியூல, நம்பர் வாசிக்குற பகுதி நான் எழுதுனதுன்னு சொன்னேன். அவங்க தேடிப் பாத்துட்டு, எல்லாம் உங்க பேரு, கோகுல்நாத்னுல்லா இருக்குங்காங்க. நான் ஜூட் பேசுதேன், பொய் சொல்லுதேன்னு நெனைக்காங்க தம்பி. சாயங்காலம் மறுபடி பாக்கோம்னு சொல்லியிருக்காங்க."

"அஞ்சு நிமிசம் இருங்கக்கா, போட்டுர்றேன்."

பங்களித்தவர்கள் பட்டியலில் அவர் பெயரை முதலாவதாகப் போட்டேன். பெரிய தர்மம் செய்தவன் மாதிரி நிம்மதியாக டீ குடித்தேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மாலையில் அக்கா மறுபடி போன் செய்தார்.

"பேரு இன்னைக்குப் பதினொரு மணிக்குத்தான் ஏறியிருக்காம். தெரிஞ்சவரைச் சொல்லி ஏத்திக்கிட்டீங்களான்னு கேக்காங்க."

எந்த மாற்றம் எப்போது ஏறியது என்பதை எங்கள் தளம் நிமிடக் கணக்கில் காட்டும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். புத்திதான் வேலை செய்யவில்லை.

"உங்க மெயிலெல்லாம் எங்கிட்ட இருக்குதுங்கக்கா. தேதியோட அவங்களுக்கு அனுப்பறேன். பேரு போட மறந்துட்டேன்னு எழுதிர்றேன்."



"நீங்க மும்பை மீட்டிங்ல பேசுன வீடியோ பாத்தேன் தம்பி. நம்பர் பகுதி யாரு எழுதுனதுன்னு ஒருத்தர் கேட்டாரு. நான்தான்னு சொன்னீங்க. அதுவும் மறதியா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான். அன்று அரங்கமே கைதட்டியது, எனக்கு அது பிடித்திருந்தது. நடந்தது அவ்வளவுதான்.

"மறதியில்லைங்கக்கா" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார்.

உடனே கம்பெனிக்கு எழுதினேன். அவர் எழுதியதைத் தெரிந்தே என் பெயரில் வைத்துக்கொண்டேன் என்று சொல்லி, நாற்பது மெயில்களையும் இணைத்தேன். அதே கடிதத்தை எங்கள் தளத்தின் முகப்பிலும் போட்டேன்.

மறுநாள் பதில் வந்தது. அந்த வேலைக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்களாம். கடைசி வரியில், 'உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம்' என்று இருந்தது.

முகப்பில் போட்ட கடிதத்தின் கீழே முப்பது பேர் எழுதியிருந்தார்கள். எல்லோரும் என் துணிச்சலை மெச்சியிருந்தார்கள். எஸ்தர் என்ற பெயரை அதில் ஒருவர்கூட எழுதவில்லை.