கிறகரி சேரிடம் இல்லாத புத்தகம்

1

இந்தக் கதை ஒரு பொத்தானின் நிறத்திலிருந்து பிறந்தது. ஏதாவது பெருந்துயரத்திலிருந்து பிறந்ததென்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. நான் விரும்பி வாசிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்கள் போரிலோ பனியிலோதான் தொடங்குகின்றன. நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன்:

பனி பொழிந்துகொண்டிருந்த காலையில் ரொனி தன் மடிக்கணினியை

(எங்கள் மஹய்யாவயில் பனிப்பொழிவா? இத்துடன் நிறுத்திவிட்டேன்.)

ரொனி என் பக்கத்து வீட்டுக்காரன். கைபேசி திருத்தும் கடையில் வேலை செய்கிறான். ஓய்வு நேரத்தில், ஆசைக்காக, எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஓர் இணையத்தளம் நடத்துகிறான். வட்டத்தில் ஒவ்வொரு நாவலுக்கும் ஒரே ஒரு பிரதிதான் உண்டு. பஸ் கொண்டக்டர்களின் தயவில் அது ஊர் ஊராகப் போகும். கைக்கு வந்ததும் தளத்தில் புத்தகத்துக்கு எதிரே நம் பெயரைப் பதிந்து, பொத்தானை அழுத்த வேண்டும். போயா எனும் பௌர்ணமி விடுமுறையில் வாவிக்கரையில் கூடி, ஒருவர் வாசித்த நாவலைப் பற்றிப் பேசுவோம்.

2

வரும் போயாவில் பேச வேண்டியவள் தெல்தோட்டை றம்ஸியா. அவள் பேச வேண்டியது தலையணை போல் தடித்த ஒரு நாவல்; அது இன்னும் அவளுக்குக் கிடைக்கவில்லை. தளத்தில் தேடினாள். நாவலுக்கு எதிரே நாவலப்பிட்டி கிறகரி சேரின் பெயர் இருந்தது. ரொனியையும் என்னையும் இணைப்பில் வைத்துக்கொண்டே அவரை அழைத்தாள்.

"சேர், புத்தகம் ஒங்களுக்கிட்டத்தானே ஈக்குது?"

"நான் எப்பவோ அனுப்பிட்டேன் பிள்ளை."

"சைட்டுல ஒங்கட பேர்தான் ஈக்குது."

"சைட்டுல பேர் இருந்தா புத்தகம் என் அலுமாரிக்குள்ள வந்துருமா?"

"அதுக்குத்தான் எல்லாரும் ஒங்களுக்கு அலுமாரி சேர்னு பேர் வெச்சீக்கிற."

ரொனி களுக்கென்று சிரித்துவிட்டான். அது சேருக்கும் கேட்டது.

"அப்படியா? சரி. அலுமாரி எங்கயும் நடந்து வராது. நான் போயாவுக்கு வரல்ல."

துண்டித்துவிட்டார்.

* முதல் வரைவில் அவரை உண்மையிலேயே புத்தகம் பதுக்குபவராகத்தான் எழுதினேன். எழுதச் சுவையான பாத்திரம். ஆனால் அவர் ஒத்துழைக்கவில்லை. பிரதியைப் பழைய பேப்பரில் சுற்றி, மழைக்குப் பொலித்தீன் போட்டு, நூல் கட்டி அனுப்புகிறவர் எப்படி

3

அனுப்பிவிட்ட புத்தகத்துக்கு எதிரே சேரின் பெயர் மீண்டும் வருவது இது முதல்முறையல்ல. அன்று மாலை ரொனியிடம் போனேன்.

"சேர்ட பேர் எப்பெல்லாம் திரும்பி வருது?"

விரல்விட்டு எண்ணினான். "எழுத்தைப் பெருசாக்கின அன்னிக்கு. அப்புறம் பட்டனைப் பச்சையில இருந்து நீலமாக்கின..." மடிக்கணினியைத் திறந்து பார்த்தான். "ஐயோ. பேர் உள்ள ஃபைலும் சைட்டோட ஒரே மூட்டையில இருக்கு. நான் ஒவ்வொரு தடவை அப்லோட் பண்றப்பவும் என் லெப்டொப்புல கெடக்கிற பழைய ஃபைலும் சேந்து போகுது. நீங்க போட்டதெல்லாம் அழிஞ்சிருது."

"பழசுன்னா எப்ப உள்ளது?"

"ஆரம்பிச்ச அன்னிக்கு உள்ளது. எல்லாப் புத்தகமும் சேர் வீட்டுலதானே இருந்துச்சு. அவர் தந்ததுதானே அவ்வளவும்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவனுக்கே கேட்டது.

ரொனி அந்தக் கோப்பை மூட்டையிலிருந்து பிரித்து வேறிடத்தில் வைத்தான். இனி அவன் தளத்தை எத்தனை முறை ஏற்றினாலும் நாங்கள் பதியும் பெயர்கள் அழியாது. அழிந்தவையோ திரும்பவில்லை; அந்த நாவலுக்கு எதிரே இருந்த சேரின் பெயரை மட்டும் எடுத்துவிட்டான். சேரை அழைத்து மன்னிப்புக் கேட்டான்.

"உன்னில கோபமில்ல தம்பி," என்றார். "ஆனா புத்தகம் கெடைக்கிற வரைக்கும் அவங்களுக்கு நான் அலுமாரிதானே?"

4

ஆகவே விசாரித்தோம். சேர் வட்டத்து ஷிராணிக்கு அனுப்பியிருந்தார். ஷிராணி நபீலுக்கு. நபீல் கொண்டக்டரிடம் கொடுத்து, "பேராதனையில எங்கட ஆள் ஒருத்தர் நிப்பார்" என்றிருக்கிறான். அங்கே யாரோ கை நீட்டினார், கொண்டக்டர் கொடுத்துவிட்டார். ஆனால் எங்கள் ஆள் அன்று பஸ் தரிப்பிடத்துக்கே வரவில்லை.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். புத்தகம் ரொனியின் மெத்தைக்கடியில் கிடைக்கிறது: மிகவும் வசதியான முடிவு. சேரின் அலுமாரியிலேயே கிடைக்கிறது: எழுதிவிட்டு எனக்கே கை கூசியது.

அப்போதுதான் தெளிந்தது. கதையோடு முடிவையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினால், நானும் ரொனி செய்ததையே செய்கிறேன். நீங்கள் எப்போது திறந்தாலும் நான் கட்டிய பழைய பெயரே இருக்கும். எனவே புத்தகத்தைக் கடைசியாக வாங்கியவரின் பெயரை மட்டும் மூட்டைக்கு வெளியே விட்டிருக்கிறேன்.

கொண்டக்டருக்கு ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. வாங்கியவர் நின்ற இடத்திலேயே நூலை அவிழ்த்து வாசிக்கத் தொடங்கினாராம். ஹோர்ன் அடித்தும் நிமிரவில்லையாம்.

உங்களைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்?

நாவலப்பிட்டியில் கிறகரி சேர் போயாவுக்குப் போட வேண்டிய சட்டையை அயன் பண்ணிக் கதிரையில் போட்டிருக்கிறார். வரமாட்டேன் என்றவர்தான். தளத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறார். புத்தகத்துக்கு எதிரே வெற்றிடம். பக்கத்தில் நீலப் பொத்தான்.

உங்கள் பெயரைப் பதியுங்கள்.